கூட்டமைப்புத் தீர்மானத்துக்கு இனி மூன்றில் இரண்டு வாக்கு: இந்த பைலா திருத்தத்தை ஆதரிக்கலாமா?

நாலாவது குறுக்குத்தெரு

எங்கள் நகராட்சியில் இருக்கும் குடியிருப்போர் நலச்சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு நடத்துகிறோம். பதிவு பெற்றது, 60 சங்கங்கள் உறுப்பு, சங்கத்துக்கு ஒரு வாக்கு. இதுவரை எந்தத் தீர்மானமானாலும் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் கை தூக்கினால் நிறைவேறிவிடும். பைலாவில், அதாவது கூட்டமைப்பின் விதித்தொகுப்பில், அதை மாற்ற செயற்குழு ஒரு வரைவு அனுப்பியிருக்கிறது, ஒரே வரி: “கூட்டமைப்பின் எந்தத் தீர்மானமும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவுடன் மட்டுமே நிறைவேறும்.”

ஏன் இந்த வேகம் என்றால், மார்க்கெட் ரோட்டை ஒருவழிப் பாதையாக்கச் சொல்லி நகராட்சிக்குக் கொடுத்த தீர்மானம்தான். 25 சங்கங்கள் வந்திருந்தன, 14க்கு 11 என்று நிறைவேறியது. மறுவாரமே தோற்ற 11 சங்கங்களும் அவரவர் லெட்டர்பேடில் கமிஷனருக்குத் தனித்தனியாகக் கடிதம் கொடுத்துவிட்டார்கள், “இதில் எங்களுக்குச் சம்மதமில்லை” என்று. அங்கே என்ன செய்வார்கள்? பன்னிரண்டு தாளையும் ஒரே கோப்பில் குத்தி ஓரமாக வைத்துவிட்டார்கள். தலைவருக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது.

ஆனால் இந்த வரைவை அப்படியே ஏற்றால் கூட்டமைப்பு இனி எதையுமே தீர்மானிக்க முடியாது என்பது என் பயம். 60 சங்கங்களில் மூன்றில் இரண்டு என்றால் 40. எங்கள் கூட்டத்துக்கு 40 சங்கங்கள் வந்த நாளே கிடையாது. வந்த 25 பேரும் ஒருமனதாகக் கை தூக்கினாலும் தீர்மானம் தோற்றுப்போகும்! சங்கம், கூட்டமைப்பு என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், இதை எதிர்ப்பதா, திருத்துவதா?

பழைய செயலாளர்

நான் வேறு ஊர்க் கூட்டமைப்பில் செயலாளராக இருந்தவன். வாசலை, அதாவது தீர்மானம் நிறைவேறத் தேவையான வாக்கு அளவை, உயர்த்துவதை நான் ஆதரிக்கிறேன், காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மனுவை எடுத்துக்கொண்டு அதிகாரி முன்னால் உட்கார்ந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, “எல்லாரும் ஒத்துக்கிட்டீங்களா?” என்பதுதான். கூட்டமைப்புக்குச் சட்ட அதிகாரம் எதுவும் இல்லை. வரி போட முடியாது, சாலை போட முடியாது, கவுன்சிலரைக் கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றும் கிடையாது. நம்மிடம் இருக்கிற ஒரே பலம், ஊரே ஒரே குரலில் கேட்கிறது என்ற எண்ணத்தை உண்டாக்குவது. 14க்கு 11 என்ற தீர்மானத்தில் அந்தப் பலம் போய்விடுகிறது.

இன்னொன்று. எங்கள் ஊரில் சொத்துவரி விஷயமாக நீதிமன்றம் போவது என்று இரண்டே வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் போட்டார்கள். வக்கீல் பீஸுக்குச் சங்கத்துக்கு இவ்வளவு என்று பிரித்ததும், எதிர்த்து வாக்களித்தவர்கள் கொடுக்கமாட்டோம் என்றார்கள், அதோடு ஆண்டுச் சந்தாவும் நின்றது. சில சங்கங்கள் திரும்பி வரவே இல்லை. மூன்றில் இரண்டு வேண்டும் என்றிருந்தால் முன்கூட்டியே அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய்ப் பேசியிருப்போம். பேச வைக்கிற விதி அது. அதனால்தான் வேண்டும் என்கிறேன்.

நாலாவது குறுக்குத்தெரு

சார், நீங்கள் சொன்ன இரண்டுமே நியாயம். வழக்கு, செலவு போன்றவற்றுக்குக் கூடுதல் வாக்கு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் “மூன்றில் இரண்டு” என்றால் எதில் மூன்றில் இரண்டு? வந்து வாக்களித்தவர்களிலா, பதிவேட்டில் இருக்கும் எல்லாச் சங்கங்களிலுமா? வந்த 25ல் என்றால் 17 போதும், பதிவேட்டில் என்றால் 40. இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, வாசலை உயர்த்தலாமா என்று மட்டும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். பதிவேட்டுக் கணக்கில் போனால் கூட்டத்துக்கே வராத 35 சங்கங்களும் தானாகவே எதிர்வாக்குப் போட்டதாகிவிடும். அவர்களிடம் யாரும் கருத்தே கேட்டிருக்கமாட்டோம்.

நோட்டரி வீதி

சட்டப்பக்கம் கொஞ்சம் சொல்கிறேன், தினமும் இதே வேலைதான்.

உங்கள் கூட்டமைப்பு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் கீழ் பதிவானது என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சட்டப்படி பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு 21 நாள் முன்னறிவிப்பு, அதுவும் இன்ன சிறப்புத் தீர்மானம் கொண்டுவரப்போகிறோம் என்று குறிப்பிட்டு. கூட்டத்துக்கு வந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். கவனியுங்கள், சட்டமே “வந்தவர்களில்” என்றுதான் கணக்குப் போடுகிறது. சங்கத்தின் அடிப்படையையே மாற்றுவதற்குச் சட்டம் கேட்பதைவிட, தெருவிளக்குக்கு மனு கொடுக்க உங்கள் வரைவு அதிகம் கேட்கிறது!

மத்திய அரசின் பழைய 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம் வேறு மாதிரி. சங்கத்தின் நோக்கத்தை மாற்ற ஐந்தில் மூன்று பங்கு வேண்டும், அப்புறம் ஒரு மாதம் கழித்து இரண்டாவது கூட்டம் கூட்டி அதே அளவு ஆதரவோடு மறுபடி உறுதிசெய்ய வேண்டும். வாசல் கொஞ்சம் தாழ்வு, ஆனால் யோசிக்க ஒரு மாதம் கிடைக்கிறது.

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் இன்னொன்று இருக்கிறது. இப்போது 25 பேர் வந்தால் 19 வாக்கில் இந்தத் திருத்தம் நிறைவேறும். நிறைவேறிய பிறகு, ஐயோ தப்பாகப் போய்விட்டதே என்று திரும்ப எடுக்க நினைத்தாலும் அதற்கும் சிறப்புத் தீர்மானம்தான் வேண்டும். அன்றைக்கு 25ல் 7 பேர் முரண்டு பிடித்தால் போதும், அசையாது. அதனால் போடும்போதே பார்த்துப் போடுங்கள்.

கணக்கு வாத்தியார்

பின்னம் வரும்போது என்ன செய்வது என்பதையும் பைலாவிலேயே எழுதிவையுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இந்திய நாடாளுமன்றத்திலேயே நடந்திருக்கிறது. 1970 செப்டம்பரில் சமஸ்தான மன்னர்களின் மானியத்தை ஒழிக்கும் அரசியலமைப்புத் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224, அதில் மூன்றில் இரண்டு 149.33. ஒரு வாக்கில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததால் மசோதா விழுந்தது! அப்புறம் குடியரசுத் தலைவர் ஆணை மூலம் மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள், உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, கடைசியில் 1971ல் 26ஆவது திருத்தமாகத்தான் நிறைவேறியது.

அரசியலமைப்பைத் திருத்துவது பற்றிய 368ஆவது பிரிவில் இரண்டு கணக்கும் இருக்கிறது என்பதுதான் அழகு. அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும், அதோடு வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டும் வேண்டும். மொத்தத்தில் மூன்றில் இரண்டு என்று அரசியலமைப்பே கேட்கவில்லை.

நடுநிலை வகிப்பவர்களை என்ன செய்வது என்பதும் கேள்வி. “வந்தவர்களில்” என்று மட்டும் எழுதினால் கை தூக்காமல் உட்கார்ந்திருப்பவரும் எதிர்த்தவராக எண்ணப்படுவார். “வந்து வாக்களித்தவர்களில்” என்று எழுதினால் அவர் கணக்கில் வரமாட்டார். எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, எழுதிவையுங்கள். கூட்டத்தில் சண்டை வந்த பிறகு இதைப் பேச முடியாது.

ஏரிக்கரை வாசி

எல்லாரும் சட்டத்தையும் நாடாளுமன்றத்தையும் பேசுகிறீர்கள், நான் எங்கள் தெருவைப் பேசுகிறேன்.

எங்கள் மனைப்பிரிவு சின்னது, 40 வீடு. ஏரி நிரம்பினால் வழியும் கலங்கலிலிருந்து தண்ணீர் போகும் கால்வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறோம். 2015 டிசம்பரில் வந்த வெள்ளத்தை எல்லாரும் பார்த்தீர்கள், டிவியில் காட்டினார்கள். அதற்கப்புறம் சாதாரண மழைக்கே எங்கள் வாசலில் தண்ணீர் நிற்கிறது, யாரும் காட்டுவதில்லை. செப்டிக் டேங்க் நிரம்பி, மழைத்தண்ணீரோடு கலந்து, கழிப்பறைக் கோப்பை வழியாக வீட்டுக்குள்ளேயே எதிர்த்து வரும். கல்லை வைத்து அடைத்துப் பார்ப்போம், ஈரத்துணியைத் திணிப்போம், நிற்காது. வயசானவர்களைக் கட்டிலோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோன வீடு எங்கள் தெருவில் இருக்கிறது.

கால்வாயைத் தூர்வாரி, அதன் மேல் போட்டிருக்கும் சிலாப்களை எடுக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுபோனோம். மேட்டுப்பகுதிச் சங்கங்களுக்கு இதில் நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. அவர்கள் எதிர்க்கவில்லை, வரவே இல்லை. வந்தவர்களில் பாதிக்குச் சற்று மேல் ஆதரவு கிடைத்ததால்தான் தீர்மானம் நிறைவேறியது, அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பொதுப்பணித்துறைக்கும் நகராட்சிக்கும் மாறி மாறி நடந்தோம். 40 சங்கம் வேண்டும் என்றிருந்தால் அந்தக் காகிதமே கிடைத்திருக்காது. வாசலை உயர்த்தினால் எல்லாருக்கும் ஒரே மாதிரி உயரும் என்று நினைக்காதீர்கள், நிலைமை இப்படியே இருந்தால் போதும் என்பவருக்கு எந்தத் தீர்மானமும் தேவையில்லை, வீட்டில் உட்கார்ந்திருந்தாலே அவர் நினைத்தது நடந்துவிடும். மாற்றம் தேவைப்படுகிறவர்தான் 40 பேர் வீட்டுக்கு நடக்க வேண்டும்.

பழைய செயலாளர்

அம்மா, நீங்கள் சொல்வது என்னை யோசிக்க வைக்கிறது. நான் பதிவேட்டுக் கணக்கைக் கேட்கவில்லை, வந்தவர்களில் மூன்றில் இரண்டு போதும் என்றுதான் சொல்கிறேன். அப்படியென்றாலும் உங்கள் தீர்மானம் தோற்றிருக்குமா?

ஏரிக்கரை வாசி

தோற்றிருக்கும் சார். சிலாப் போட்டுக் கடை வைத்திருப்பவர்கள் இருக்கும் தெருக்களின் சங்கங்கள் மட்டும் ஒன்று விடாமல் வந்திருந்தார்கள்.

சான்ஹோசே தமிழன்

கலிஃபோர்னியாவில் இருக்கிறேன், இங்கே இந்த விவாதம் பல பத்தாண்டாக நடக்கிறது என்பதால் எழுதுகிறேன். 1978ல் 13ஆவது முன்மொழிவு என்று ஒன்றை மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். சொத்துவரிக்கு உச்சவரம்பு வைத்ததோடு, உள்ளாட்சிகள் குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சிறப்பு வரி போட வேண்டுமானால் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும் என்றும் வைத்தார்கள். விளைவு, நூலகத்துக்கோ பேருந்துக்கோ 60 சதவீதம் பேர் சரி என்று சொன்னாலும் தோல்விதான். பள்ளிக் கட்டடப் பத்திரங்களுக்கும் மூன்றில் இரண்டு தேவைப்பட்டது, பொறுத்துப் பார்த்து 2000ல் அதை மட்டும் 55 சதவீதமாகக் குறைத்தார்கள்.

மாநில பட்ஜெட்டே இங்கே சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பெற்றால்தான் நிறைவேறும் என்றிருந்தது. 2009ல் பட்ஜெட் இழுபறியில் அரசாங்கம் பணத்துக்குப் பதில் கடன் சீட்டு எழுதிக் கொடுத்தது. 2010ல் மக்களே வாக்களித்து அதைச் சாதாரணப் பெரும்பான்மைக்கு இறக்கினார்கள். புதிய வரிக்கு மட்டும் உயர்ந்த வாசல் அப்படியே இருக்கிறது. அவர்களுக்கும் கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல் சரிப்படவில்லை.

மேற்கு விரிவு

நான் பெரிய மனைப்பிரிவுக்காரன், 600 வீடு. வாசல் எத்தனை சதவீதம் என்பதைவிட எங்களுக்கு உறுத்துவது வேறு. 12 வீடு இருக்கும் ஒரு அடுக்குமாடிக்கும் ஒரு வாக்கு, 600 வீட்டுக்கும் ஒரு வாக்கு. மார்க்கெட் ரோடு விஷயத்தில் தோற்ற 11 சங்கங்களில் நாங்களும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த 11 சங்கங்களில் இருக்கும் வீடுகளைக் கூட்டினால் ஜெயித்த 14ஐவிட அதிகமாக இருக்கலாம். அப்புறம் நாங்கள் ஏன் தனிக் கடிதம் கொடுக்கமாட்டோம்?

நோட்டரி வீதி

இதற்கு வழி இருக்கிறது, முக்கியமான தீர்மானங்களுக்கு இரட்டைக் கணக்கு. சங்கங்களில் பெரும்பான்மையும் வேண்டும், அந்தச் சங்கங்களின் வீட்டு எண்ணிக்கையிலும் பாதிக்கு மேல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படித்தான்: உறுப்பு நாடுகளில் 55 சதவீதம், அந்த நாடுகளில் ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 65 சதவீதம் இருக்க வேண்டும். ஆனால் இதைத் தெருவிளக்குக்கும் குப்பை வண்டிக்கும் பயன்படுத்தினால் செயலாளர் கால்குலேட்டரோடு உட்கார வேண்டியதுதான்.

அடுக்குமாடிகளில் வாசல் கீழே இறங்கிய கதையும் இருக்கிறது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட ஒரே ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் வேலை நின்றுபோகும் நிலை இருந்தது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 அதை மூன்றில் இரண்டு உரிமையாளர் சம்மதம் என்று ஆக்கியது. விரிசல் விட்ட கட்டடத்தில் ஒருவருடைய மறுப்பு மற்ற எல்லாருடைய உயிரையும் பணயம் வைப்பதாகிவிடும் என்பதுதான் காரணம். ஒருமனது என்பது கேட்க நன்றாக இருக்கும், அதில் கடைசி ஆளுக்குப் போய்ச்சேரும் அதிகாரம் பயங்கரமானது. போலந்து நாடாளுமன்றத்தில் 1652லிருந்து ஒரே உறுப்பினர் எழுந்து மறுத்தால் அந்தக் கூட்டத்தொடரே கலைந்துவிடும் என்ற நிலை இருந்தது, 1791 அரசியலமைப்பு வரும்வரை அதை ஒழிக்க முடியவில்லை. அதற்குள் நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

பழைய செயலாளர்

தாமதம் எப்போதும் கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. 1989ல் பஞ்சாயத்து ராஜ், நகர்பாலிகா (நகராட்சி) என்று இரண்டு திருத்த மசோதாக்கள் மாநிலங்களவையில் மூன்றில் இரண்டு கிடைக்காமல் விழுந்தன. மாநிலங்களின் தலைக்கு மேலே தில்லி நேரடியாக ஊராட்சியைப் பிடிக்கப் பார்க்கிறது என்ற சந்தேகம் அன்றைக்கு இருந்தது. அப்புறம் பேசி, திருத்தி, 1992ல் 73, 74ஆவது திருத்தங்களாகப் பரந்த ஆதரவோடு நிறைவேறின. நகராட்சிகளுக்கான 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1ல் நடைமுறைக்கு வந்தது. முதல் தடவையே பாதிக்கு ஒன்று கூடுதல் என்று நிறைவேற்றியிருந்தால் மாநிலங்கள் அதை மனசார ஏற்றிருக்குமா?

நாலாவது குறுக்குத்தெரு

நல்ல உதாரணம் சார், ஆனால் அது அரசியலமைப்பு. திரும்ப எடுக்க முடியாத, எல்லாரையும் கட்டுப்படுத்துகிற விஷயம். அதற்கு உயரமான வாசல் இருக்கட்டும். நம் கூட்டமைப்பில் முக்கால்வாசித் தீர்மானம் “இதைச் செய்து தாருங்கள்” என்ற வேண்டுகோள். தப்பாகப் போனால் அடுத்த கூட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

வராதவர்களைக் கணக்கில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு மாநகராட்சிகளையே பாருங்களேன். 2024 ஜனவரியில் திருநெல்வேலி மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானக் கூட்டம் கூட்டினார்கள், கவுன்சிலர்கள் யாருமே வரவில்லை, தீர்மானம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் காஞ்சிபுரத்திலும் அப்படியே. ஆதரிக்கிறேன் என்றோ எதிர்க்கிறேன் என்றோ ஒருவரும் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. வராமல் இருப்பதே வேலையை முடித்துவிடும் என்று ஒரு விதி சொன்னால், ஜனங்கள் வராமல்தான் இருப்பார்கள். நம் வரைவு அதைத்தான் சொல்லிக்கொடுக்கும்.

எல்லார் கருத்தையும் வைத்து ஒரு மாற்று வரைவு எழுதியிருக்கிறேன். சாதாரண வேண்டுகோள், மனு, பாராட்டு, கண்டனம் எல்லாம் இப்போது போலவே வந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல், ஆனால் கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வரவேண்டிய எண்ணிக்கை, 20 சங்கங்கள். இப்போது பைலாவில் கோரமே சரியாக எழுதப்படவில்லை, ஒருமுறை ஒன்பது பேரை வைத்துத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள், மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. சங்கங்களிடம் பணம் வசூலிப்பது, வழக்குப் போடுவது, வேறு அமைப்போடு இணைவது ஆகியவற்றுக்கு வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு, பின்னம் வந்தால் அடுத்த முழு எண், கோரம் 30. தீர்மான வாசகம் 15 நாள் முன்பே எல்லாச் சங்கங்களுக்கும் போய்விட வேண்டும், அவர்கள் செயற்குழுவில் பேசி முடிவெடுத்துப் பிரதிநிதியை அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் முதல்நாள் ராத்திரி அஜெண்டா போடுகிற பழக்கம் நிற்கட்டும்.

அதோடு, கமிஷனருக்குப் போகும் கடிதத்திலேயே எத்தனை ஆதரவு, எத்தனை எதிர்ப்பு என்று எழுதி, எதிர்த்தவர்கள் விரும்பினால் அவர்களுடைய காரணத்தை ஒரு பக்கத்துக்கு இணைப்பாகச் சேர்த்து அனுப்ப வேண்டும். மார்க்கெட் ரோடு விஷயத்தில் தோற்ற சங்கங்கள் தனிக் கடிதம் கொடுத்ததற்குக் காரணம், ஒருவழியாக்கினால் ஆட்டோவும் ஸ்கூல் வேனும் தங்கள் தெருக்களுக்குள் திரும்பும் என்ற கவலை. அது நியாயமான கவலை, எங்கள் தீர்மானத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் கவலையும் சேர்ந்தே போயிருந்தால் பன்னிரண்டு தாளுக்குப் பதில் ஒரே கடிதம் போயிருக்கும், போக்குவரத்துப் போலீஸும் பார்த்து ஏதாவது மாற்று யோசித்திருப்பார்கள்.

மேற்கு விரிவு

இணைப்பு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அது இருந்தால் வீட்டு எண்ணிக்கைக் கணக்கை நான் வற்புறுத்தமாட்டேன், கடிதத்தில் எந்தச் சங்கத்தில் எத்தனை வீடு என்று மட்டும் போட்டுவிடுங்கள்.

ஏரிக்கரை வாசி

கோரம் 20 சரிதான். ஆனால் கோரம் இல்லை என்று கூட்டத்தைக் கலைத்துக்கொண்டே போனால்? எங்களுக்கு அக்டோபருக்குள் தூர்வார வேண்டும்.

நோட்டரி வீதி

ஒத்திவைத்த கூட்டத்துக்குத் தனி விதி எழுதுங்கள். அதே அஜெண்டாவோடு ஏழு நாளில் மறுகூட்டம், அதில் வந்தவர்களே கோரம். ஆனால் பணம், வழக்கு விஷயங்களுக்கு அந்தச் சலுகை கூடாது.

பழைய செயலாளர்

நான் பாதி இறங்கி வருகிறேன். வேண்டுகோளுக்குச் சாதாரணப் பெரும்பான்மை, சரி. வழக்குக்கு மட்டும் நான்கில் மூன்று வேண்டும் என்பதை விடமாட்டேன். வழக்கு ஆரம்பித்தால் வாபஸ் வாங்குவதும் கஷ்டம், வருஷக்கணக்கில் இழுக்கும், தலைவர் மாறினாலும் வக்கீல் பீஸ் மாறாது.

நாலாவது குறுக்குத்தெரு

சரி சார், வழக்கைத் தனிப் பிரிவாகப் பிரித்து நான்கில் மூன்று என்று எழுதுகிறேன், மூன்றில் இரண்டு வேண்டும் என்பவர்கள் கூட்டத்தில் திருத்தம் கொடுக்கட்டும். செயற்குழு இன்னும் 21 நாள் நோட்டீஸ் அனுப்பவில்லை. அது போவதற்கு முன் இந்த வரைவில் பத்துச் சங்கங்களின் கையெழுத்து வாங்கிச் செயலாளரிடம் கொடுக்கப்போகிறேன். ஏரிக்கரை அம்மா, உங்கள் சங்கத்தில் கோரம் பற்றிய பைலா பக்கம் இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள், மறுகூட்ட வாசகத்தை அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன்.